கிராவல் ரோடும் உலக ராலியும்

தருமபுரிப் பக்கம் ‘கிராவல்’ என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. புது வீட்டுத் தரையை மேடேற்ற நாலு லோடு கிராவல், மழையில் அரித்துப்போன பாதையை நிரவ இரண்டு லோடு கிராவல் என்று அந்த ஆங்கிலச் சொல் ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்தக் கலவையைக் கொட்டி, மேலே ரோலர் ஓட்டிவிட்டால் பாதை தயார். அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று எந்தத் திசையில் போனாலும் தார் முடிந்து கிராவல் தொடங்கும் இடம் ஒன்று வரும். டவுன் பஸ்ஸும் பெரும்பாலும் அங்கேதான் திரும்பும்.

இதே சொல் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் அட்டவணையிலும் இருக்கிறது. ஒவ்வொரு ராலிக்கும் எதிரே கிராவல், தார், பனி என்று பாதையின் வகை குறிக்கப்பட்டிருக்கும். அதில் அதிகம் இருப்பது கிராவல்தான். போர்ச்சுகல், கிரீஸ், பின்லாந்து, கென்யா எல்லாமே கிராவல். கோடிக்கணக்கில் செலவு செய்து தயாரித்த கார்களை ஐரோப்பியர்கள் தேடிப் போய் ஓட்டுவது இந்த மாதிரி ரோட்டில்தான்! அப்படியானால் மண் பாதைக்குப் பஞ்சமே இல்லாத இந்தியாவில் உலக ராலியின் ஒரு சுற்று கூட இதுவரை ஏன் நடக்கவில்லை? பணம் இல்லை, ஸ்பான்சர் இல்லை என்பது சுலபமான பதில். ஆனால் ராலியின் சரித்திரத்தைப் புரட்டினால் வேறொரு பதில் கிடைக்கிறது.

முதலில் ராலி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இருங்காட்டுக்கோட்டையில் நடப்பது ராலி அல்ல. அது சர்க்யூட் பந்தயம். எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்பட்டு ஒரே வளையத்தைச் சுற்றும், முந்துபவர் ஜெயிப்பார். ராலியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில நிமிட இடைவெளியில் புறப்படும். ‘ஸ்பெஷல் ஸ்டேஜ்’ எனப்படும் பத்து, இருபது கிலோமீட்டர் பாதைத் துண்டுகளை ஒவ்வொரு காரும் தனியாக ஓடிக் கடக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று நாட்களில் பல ஸ்டேஜ்கள். எல்லா நேரத்தையும் கூட்டினால் யாருடையது குறைவோ அவரே வெற்றியாளர். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும்போது அதே ராலி கார் நம்பர் பிளேட்டோடு, சிக்னலில் நின்று, சாதாரண வாகனம் போலப் போக வேண்டும். வேகமாகப் போனால் போலீஸ் அபராதம் போடும், உலக சாம்பியனாக இருந்தாலும் சரி.

பக்கத்து சீட்டில் இருப்பவர் கோ-டிரைவர். போட்டிக்கு முன்பே அந்தப் பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பேஸ் நோட்ஸ். ‘நூறு மீட்டர், வலது நாலு, மேடு, உடனே இடது மூணு, உள்பக்கம் கல்’ என்று அவர் படிக்கப் படிக்க, கண்ணுக்குத் தெரியாத வளைவை நம்பி ஓட்டுநர் காரைத் திருப்புவார். கிராவலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் போகும் கார் மேலே கிடக்கும் உதிரிக் கல்லை எல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும்; பின்னால் வருபவர்களுக்கு அடியில் இருக்கும் கெட்டி மண் கிடைக்கும். உலக ராலியில் முதல் நாள் முதலில் புறப்பட வேண்டியவர், புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர். முன்னணியில் இருப்பதற்குத் தண்டனையாக ரோடு கூட்டும் வேலை!

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் அந்தப் பாதையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாதை பொதுப் பாதை. அதை மூடுவது எப்படி? மூடாமல் ஓடினால் என்ன ஆகும்?

மூடாமல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1968-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு மாரத்தான் ராலி நடந்தது. ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக டெல்லி, அங்கிருந்து பம்பாய், பம்பாயில் கப்பல் ஏறி ஆஸ்திரேலியா. டிசம்பர் 17, கடைசி நாள். சிட்னி எட்டும் தூரத்தில் இருக்கிறது. முன்னணியில் லூசியன் பியாங்கி, ஜான் குளோட் ஓஜியே இருவரின் சிட்ரோயன். எதிரே போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மினி கார் வந்தது. நேருக்கு நேர் மோதல். பியாங்கி படுகாயம். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த வெற்றி, கடைசி சில மணி நேரத்தில் கை நழுவிப்போனது. ஹில்மன் ஹன்டர் ஓட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன் அணி ஜெயித்தது. 1977-ல் மறுபடியும் லண்டன்–சிட்னி ராலி. இந்த முறை கார்கள் இந்தியாவைக் கடந்து மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி பினாங்கு போயின. இதிலும் கோவன்தான் வெற்றி, மெர்சிடிஸ் பென்ஸில்.

திறந்த ரோடு ராலிகளில் பெரியது கென்யாவின் சஃபாரி ராலி. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953-ல் கென்யா, உகாண்டா, டாங்கனீக்கா மூன்று நாடுகளையும் சுற்றி வரும்படி தொடங்கினார்கள். 1973-ல் உலக ராலி சாம்பியன்ஷிப் பிறந்தபோது முதல் சீசனிலேயே அதில் இடம்பெற்றது. மழை பெய்தால் சேறு கார்களை அப்படியே விழுங்கிவிடும். 1963-லும் 1968-லும் முடிவுவரை வந்து சேர்ந்தவை ஏழே ஏழு கார்கள். மாட்டு மந்தை, லாரி, பஸ், பள்ளிப் பிள்ளைகள், சில இடங்களில் ஒட்டகச்சிவிங்கி என எல்லாம் இருக்கும் அதே ரோட்டில்தான் போட்டியும். வசதியான கம்பெனி அணிகள் பிற்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தன. காருக்கு முன்னால் ஹெலிகாப்டர் பறக்கும். ‘எதிரே லாரி வருகிறது’ என்று ரேடியோவில் எச்சரிக்கும். காருக்குள் இருப்பவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. ரோட்டில் நடந்து போனவருக்கு?

இந்த ராலியை நம் நாட்டு வம்சாவளியினர் இருவர் ஆண்டார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஒருவர் ஜோகிந்தர் சிங். 1932-ல் கென்யாவில் பிறந்த சீக்கியர். 1965-ல் தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பழைய வோல்வோவில் சஃபாரியை ஜெயித்தார். புதுக் காருடன் வந்த கம்பெனி அணிகள் வாயடைத்துப் போயின. 1974-லும் 1976-லும் மிட்சுபிஷி லேன்சரில் மறுபடி வெற்றி. ‘பறக்கும் சீக்கியர்’ என்று பெயர் வாங்கினார்.

இன்னொருவர் ஷேகர் மேத்தா. இவர் கதை இன்னும் கனமானது. 1945-ல் உகாண்டாவில் பிறந்தவர், கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் வைத்திருந்த குஜராத்திக் குடும்பம். 1972 ஆகஸ்டில் இடி அமீன், ஆசியர்கள் எல்லோரும் 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவிட்டார். தலைமுறைகளாகச் சேர்த்த சொத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். மேத்தா கென்யாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே 1973 சஃபாரி. டாட்சன் 240 இசட் காரில் ஓடினார். முடிவில் அவருக்கும் ஸ்வீடன்காரர் ஹாரி கால்ஸ்ட்ரோமுக்கும் தண்டப் புள்ளிகள் சமம்! புறப்பட்ட இடத்திலிருந்து அதிக தூரம் தண்டம் வாங்காமல் வந்தவர் யார் என்று கணக்குப் பார்த்தார்கள். மேத்தா. பிறகு 1979, 80, 81, 82 என்று தொடர்ந்து நான்கு வருடம். மொத்தம் ஐந்து முறை. அந்த ஐந்தை யாரும் முறியடித்ததில்லை. சொந்த நாட்டில் வாழ உரிமை இல்லை என்று விரட்டப்பட்ட மனிதர், பக்கத்து நாட்டின் ஒவ்வொரு மண் ரோட்டையும் அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார் என்பதை என்னவென்று சொல்வது? பின்னாளில் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் ராலி கமிஷனுக்கே தலைவரானார். 2006-ல் லண்டனில் காலமானார்.

ஐரோப்பாவில் பாதையை மூடித்தான் ஸ்டேஜ் நடத்தினார்கள். ஆனால் மூடிய பாதையிலும் ஜனங்கள் இருந்தார்கள், வேடிக்கை பார்க்க. 1980-களின் நடுவில் ‘குரூப் பி’ என்ற அசுர வேகக் கார்கள் வந்தபோது ரோட்டின் நடுவே நின்று, கார் நெருங்கும்போது விலகுவதைத் துணிச்சலாக நினைத்தது கூட்டம். ஏறக்குறைய ஜல்லிக்கட்டு வாடிவாசல் மாதிரி. 1986 போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு கார் கட்டுப்பாடு இழந்து கூட்டத்தில் பாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பது பேருக்கு மேல் காயம். அதே ஆண்டு மே மாதம் கார்சிகாவில் ஹென்றி தோய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்து மாண்டார்கள். அடுத்த ஆண்டு முதல் குரூப் பி தடை செய்யப்பட்டது. ஒரு ஸ்டேஜுக்கு அனுமதி வாங்குவது என்பது அதன்பின் முழுக்க முழுக்கப் பாதுகாப்புக் கணக்கு ஆகிவிட்டது.

அந்தக் கணக்கு எப்படி என்று பாருங்கள். இருபது கிலோமீட்டர் கிராவல் பாதை. இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. வழியில் கிளை பிரியும் ஒவ்வொரு வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை, வீட்டு வாசல், கிணற்று மேடு எல்லாவற்றுக்கும் ஒரு மார்ஷல் நிற்க வேண்டும். முதல் போட்டிக் கார் புறப்படுமுன் சோதனைக் கார்கள் போய் பாதை காலியாக இருக்கிறதா என்று பார்க்கும். கடைசிக் கார் போனபின் ‘ஸ்வீப்’ வண்டி போய் முடிந்தது என்று சொல்லும். அதுவரை பல மணி நேரம் யாரும் ரோட்டுக்கு வரக் கூடாது. பின்லாந்தின் காட்டில் இது கஷ்டமில்லை. மனிதர்களைவிட மரங்கள் அதிகம். நம்மூரில்? ஒவ்வொரு பர்லாங்குக்கும் ஒரு கொட்டாய். பாலக்கோட்டில் தக்காளி பறிப்பவருக்கு மண்டிக்குப் போக அந்த ரோடுதான். அறுவடைக் காலத்தில் கேழ்வரகும் கொள்ளும் காய்வது அந்த ரோட்டின் மேலேயேதான். அது வெறும் பாதையாக இருந்தால்தானே மூடுவதற்கு! பாதி நேரம் அது களம், மீதி நேரம் திண்ணை.

இந்தியாவின் ராலி சரித்திரத்தை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் புரியும். ஆரம்பத்தில் இங்கே அதிகம் நடந்தது ‘டி.எஸ்.டி’ வகை. திறந்த ரோட்டில், சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்தாலும் தண்டம். மூடாத ரோட்டுக்கு ஏற்ற போட்டி அது. 1980-ல் பம்பாயைச் சேர்ந்த நஸீர் ஹூசைன் முன்னின்று ஹிமாலயன் ராலியைத் தொடங்கியபோது வெளிநாட்டு அணிகள் வந்தன, கென்யாவிலிருந்தெல்லாம் ஓட்டுநர்கள் வந்தார்கள். சுமார் பத்து ஆண்டுகளில் அது நின்றும் போனது.

1988-ல் ஆசிய-பசிபிக் ராலி சாம்பியன்ஷிப் என்ற தொடர் தொடங்கியது. உலகத் தொடருக்கு ஒரு படி கீழே. மலேசியாவின் கரம்ஜித் சிங் இதில் 2001, 2002, 2004 என மூன்று முறை சாம்பியன்; 2002-ல் உலக அளவில் புரொடக்‌ஷன் கார் பிரிவையும் வென்றார். டெல்லிக்காரர் கௌரவ் கில் 2013-ல் இந்தத் தொடரை வென்ற முதல் இந்தியர் ஆனார். 2016, 2017-லும் அவரே. மூன்று முறையும் அவர் ஓட்டியது சென்னை எம்.ஆர்.எஃப் அணியின் ஸ்கோடா கார். 1946-ல் மெட்ராஸில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது! 2022-ல் ஸ்பெயினின் எஃப்ரன் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனதும் எம்.ஆர்.எஃப் டயரில்தான். கிராவலுக்கு டயர் செய்து ஐரோப்பாவை ஜெயிக்கத் தெரிந்த ஊர் சென்னை. அதே சென்னைக்காரர்கள் தம் மாநிலத்தில் இருபது கிலோமீட்டர் கிராவலை மூட வேண்டுமென்றால் தலையைச் சொறிய வேண்டும்.

அந்த ஆசிய-பசிபிக் தொடரின் இந்தியச் சுற்று 2015 முதல் சில ஆண்டுகள் எங்கே நடந்தது தெரியுமா? கர்நாடகத்தில், சிக்மகளூரில். காரணம் காபித் தோட்டம். தோட்டத்துக்குள்ளே கிலோமீட்டர் கணக்கில் மண் பாதைகள். உரிமையாளர் ஒருவர். கேட்டைச் சாத்தினால் பாதை மூடியாயிற்று. ஊராட்சியில் தீர்மானம் வேண்டாம், கொட்டாய் கொட்டாயாகப் போய்ச் சொல்ல வேண்டாம், கேழ்வரகை வாரச் சொல்ல வேண்டாம். கோயம்புத்தூர் ராலிக்காரர்கள் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலை நிலங்களுக்குள் ஸ்டேஜ் அமைத்ததும் இதே கணக்கில்தான். காற்றாலையைப் பராமரிக்கப் போட்ட மண் ரோடு, அதில் குடியிருப்பு இல்லை. ஆக, ராலிக்குத் தேவைப்பட்டது நல்ல கிராவல் மட்டுமல்ல, ஒரே ஒருவருக்குச் சொந்தமான கிராவல்.

கென்யாவும் இதே முடிவுக்குத்தான் வந்தது. 2002-க்குப் பிறகு உலகத் தொடரிலிருந்து விலக்கப்பட்ட சஃபாரி ராலி, 2021-ல் திரும்பி வந்தபோது பழைய திறந்த ரோடு இல்லை. மூன்று நாடு சுற்றிய ராலி, நைவாஷா ஏரிக்கரைப் பக்கம் பண்ணைகளுக்கும் வனவிலங்குக் காப்பகங்களுக்கும் உள்ளே சில நூறு கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு செபாஸ்டியன் ஓஜியே ஜெயித்தார். பழைய ரசிகர்கள் ‘இதெல்லாம் ஒரு சஃபாரியா’ என்று முணுமுணுத்தார்கள். ரோட்டோரம் வீடு இருந்தவர்கள் முணுமுணுத்திருக்க வாய்ப்பில்லை.

பொது ரோட்டை மூடி நடத்தினால் என்ன ஆகலாம் என்பது 2019 செப்டம்பர் 21 அன்று ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தெரிந்தது. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. போட்டிக்காக மூடியிருந்த கிராமத்து ரோட்டுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. புருஷன், மனைவி, மகன். முழு வேகத்தில் வந்த போட்டிக் காருக்கு நிறுத்த நேரமில்லை. மூவரும் இறந்தார்கள். ராலி அத்தோடு ரத்து. தடுப்பைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்றது நடத்தியவர்கள் தரப்பு. ஊர்க்காரர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தினமும் போய்வரும் ரோடு இன்று ஒரு நாள் மட்டும் தன்னுடையது இல்லை என்பது கிராமத்து மனிதரின் மனதில் எளிதில் ஏறாது. தடுப்புக் கயிறு கட்டியவருக்கு அது ஸ்டேஜ். மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழி.

தருமபுரிக்கு வருவோம். 1965-ல் சேலத்திலிருந்து பிரித்த மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரியை விட்டுக்கொடுத்த பிறகும் மலையும் காடுமாக மிச்சம் நிறைய இருக்கிறது. சித்தேரி மலை, வத்தல் மலை, பென்னாகரத்தைத் தாண்டிக் காவிரி வரை இறங்கும் சரிவுகள். ராலிக்காரர் எவரேனும் வரைபடத்தை விரித்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஏற்றம், கொண்டை ஊசி வளைவு, உதிரிக் கல், புழுதி என்று கேட்டதெல்லாம் உண்டு. ஆனால் இந்தச் சரக்கு வருடத்துக்கு வருடம் குறைகிறது. 2000-ல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வந்த பிறகு கிராவல் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார் ரோடாக மாறி வருகின்றன. கிராமத்துக்கு நல்ல காலம் பிறந்தால் கிராவல் ராலிக்குக் கெட்ட காலம். இந்த இரண்டில் எது வேண்டும் என்று மலைக் கிராமத்தில் போய் ஓட்டெடுப்பு நடத்தினால் முடிவு என்ன வரும் என்பதற்கு ஜோசியர் வேண்டாம்.

ஓட்டு என்றதும் பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைதான் நினைவுக்கு வருகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது அந்தக் கிராமத்துக்கு வண்டி போகும் பாதையே கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் கட்டப்பட்டு மலை ஏறின. பின்னாலேயே தேர்தல் அதிகாரிகளும் போலீஸாரும் நடந்து போனார்கள், உதிரிக் கல்லில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து.